ஆன்டிமஸ்கரினிக் – சொல் விளக்கம்

ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின். பெயர்கள் வேறு, குடும்பம் ஒன்று: ஆன்டிமஸ்கரினிக். ஒன்றுக்கு வருகிறது என்று தோன்றிய நொடியே ஓடவேண்டியிருக்கிறது, ராத்திரித் தூக்கம் பாத்ரூமுக்கு நடப்பதிலேயே போகிறது என்பவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரைகள். அந்தத் தொல்லையை ஓவர் ஆக்டிவ் பிளாடர் என்பார்கள். தமிழில் மிகையியக்கச் சிறுநீர்ப்பை எனலாம்.

இந்தப் பெயருக்குள் ஓர் ஈ இருக்கிறது. லத்தீனில் மஸ்கா என்றால் ஈ. சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட ஒரு காளானைப் பாலில் நசுக்கிப் போட்டு ஈ கொல்வது பழைய ஐரோப்பியப் பழக்கம். அதனால் அது அமனிட்டா மஸ்கேரியா ஆனது. 1869இல் ஷ்மீடெபெர்க், கோப்பே இருவரும் அதிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சுக்கு மஸ்கரின் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காளானில் மஸ்கரின் இருப்பது துளியூண்டுதான்.

சரி, காளானுக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன உறவு? நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலினின் வேலைகளில் சில மஸ்கரின் செய்வதைப் போலவும், சில நிகோட்டின் செய்வதைப் போலவும் இருப்பதை 1914இல் ஹென்றி டேல் பிரித்துக் காட்டினார். இப்படிப்பட்ட பொருள்கள் வந்து ஒட்டுவதற்குச் செல்களில் உள்ள இடங்களை ஏற்பிகள் என்பார்கள். முதல் வகை வேலை நடக்கும் ஏற்பிகளுக்கு மஸ்கரினின் பெயரே நிலைத்துவிட்டது. சிறுநீர்ப்பைத் தசையில் உள்ள எம்3 என்ற மஸ்கரின் ஏற்பியில் அசிட்டைல்கோலின் போய் ஒட்டினால் தசை சுருங்கும். பை நிரம்புமுன்பே அது சுருங்கத் துடிப்பதுதான் நோய். மாத்திரை அந்த ஏற்பியில் முன்கூட்டியே இடம் பிடித்துக்கொள்ளும்.

ஆக, நோயாளியின் உடம்பில் எதிர்ப்பதற்கு மஸ்கரினே கிடையாது. 'மஸ்கரின் எதிர்ப்பி' என்று நேராக மொழிபெயர்த்தால் ஏதோ விஷமுறிவு மருந்து போல ஒலிக்கும். 'மஸ்கரின் ஏற்பித் தடுப்பான்' கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் அதையே பரிந்துரைப்பேன்.

நம்மூர் ஊமத்தையின் நஞ்சும் இதே இனம். ஊமத்தங்காய் தின்றவருக்கு நா வறண்டு, கண்மணி விரிந்து, பிதற்றல் வருவதும் இந்த ஏற்பிகள் அடைபடுவதால்தான். மாத்திரை அவ்வளவு தூரம் போகாது. ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் குடலிலும் இதே ஏற்பிகள் இருப்பதால் வாய் வறட்சியும் மலச்சிக்கலும் வரலாம், பார்வை மங்கலாம், வயதானவர்களுக்குக் குழப்பம்கூட ஏற்படலாம். கண் அழுத்த நோயோ, சிறுநீர் முழுதாகப் பிரியாத தொல்லையோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், இதே தொல்லைக்குத் தரும் மிராபெக்ரான் இந்தக் குடும்பம் இல்லை. அது பீட்டா-3 என்ற வேறொரு ஏற்பியைத் தூண்டித் தசையைத் தளர்த்துவது. அதைத் தடுப்பான் என்று எழுதக் கூடாது.