பல்லுக்குக் கம்பி கட்டியவர்கள் விளையாடலாம், வெறும் வாயோடு வேண்டாம்

பள்ளிக்கூடங்களில் போட்டிக் காலம் தொடங்கிவிட்டால், பின்னேரங்களில் வாயில் கைலேஞ்சியைப் பொத்திக்கொண்டு பிள்ளைகள் வருவது எங்களுக்கு வழமைதான். இந்த முறை அது அளவு கடந்துவிட்டது. கடைசியாக வந்தவள் வலைப்பந்து விளையாடும் 14 வயதுப் பிள்ளை. எதிரணிப் பிள்ளையின் முழங்கை மேலுதட்டில் பட்டிருக்கிறது. வேட்டைப்பல்லில் ஒட்டியிருந்த பிரக்கெட்டின் (கம்பியைப் பிடித்திருக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) கொக்கியில் உதட்டின் உட்பக்கம் மாட்டிக்கொண்டு நின்றது. விறைக்க ஊசி போட்டு, உதட்டை மெல்லத் தூக்கி விடுவித்து, தையலும் போடவேண்டி வந்தது. கூட வந்த தகப்பன் கேட்டார்: "கம்பி கட்டியிருக்குத்தானே டொக்டர், அது பல்லுக்குக் காவல் இல்லையோ?"

இல்லை ஐயா. இந்த எண்ணம் யாழ்ப்பாணத்தில் எப்படி இவ்வளவு ஆழமாக ஊன்றியது என்று எனக்கு விளங்கவில்லை. படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், விளையாட்டு ஆசிரியர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். கம்பி பல்லை நகர்த்துவதற்குப் போடுவது. பல் நகர வேண்டுமென்றால் வேரைச் சுற்றியுள்ள எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறு பக்கம் வளர வேண்டும். ஆகவே சிகிச்சை நடக்கும் காலத்தில் பல் வழமையைவிடச் சற்று ஆட்டத்தோடுதான் இருக்கும். புதிதாக நட்ட கதியால்களை ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் வேலி உறுதியாகிவிடுமா? அடிபட்டு ஆடும் பல்லை நாங்களே கம்பி வைத்து அசையாமல் நிறுத்துவதுண்டு, உண்மைதான். அது வேறு கம்பி, வேறு நோக்கம். பந்தோ முழங்கையோ பட்டால் உங்கள் பிள்ளையின் கம்பி பல்லைக் காப்பாற்றாது; உதட்டையும் கன்னத்தையும் உள்ளிருந்து கிழிக்கும்.

இதைச் சொன்னால் அடுத்த பிழையைச் செய்கிறார்கள். "அப்ப விளையாட வேண்டாம்" என்று பிள்ளையை மறித்துவிடுகிறார்கள், அதுவும் பெண்பிள்ளை என்றால் உடனே. கம்பிச் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம் போகும். பள்ளிக்கூட விளையாட்டில் அது ஒரு பிள்ளையின் முழுக்காலம். 2018 இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை வலைப்பந்து அணியில் ஆடிய தர்ஜினி சிவலிங்கம் இந்த மண்ணின் பிள்ளை. தயவுசெய்து பிள்ளையை மைதானத்திலிருந்து கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பல்லை மூடிக் காக்கும் உறையான மவுத் கார்ட் ஒன்றைப் போட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

எந்த மவுத் கார்ட் என்பதில் கவனம் வேண்டும். விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கி, வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பதிக்கும் வகை கம்பி போட்டவர்களுக்குச் சரிவராது. இளகிய பிளாஸ்டிக் பிரக்கெட்டுகளுக்கும் கம்பிக்கும் இடையில் புகுந்து இறுகிவிடும். கழற்றும்போது பிரக்கெட்டும் சேர்ந்து வரும். வராவிட்டாலும், நாங்கள் நகர்த்தப் பார்க்கும் பல்லை அது பழைய இடத்திலேயே பிடித்து வைத்திருக்கும். கம்பி போட்டவர்களுக்கென்றே சிலிக்கோனில் செய்த வகை இருக்கிறது. அதில் பிரக்கெட்டுகளுக்கு இடம் விட்டிருப்பார்கள், சூடாக்கத் தேவையில்லை. அல்லது உங்கள் பல் வைத்தியரே அளவெடுத்து, பல் நகர இடம் விட்டுச் செய்து தரலாம். பல் நகர நகர அது இறுகும், ஆகவே ஒவ்வொரு முறை கம்பி இறுக்க வரும்போதும் அதையும் கொண்டுவாருங்கள். கீழ்ப்பல்லுக்கும் கம்பி என்றால் அதையும் மூட வேண்டுமா என்று கேளுங்கள். கழுவுவது பச்சைத் தண்ணீரில்தான். மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிள் சீற்றின்மேல் வைத்துவிட்டுப் போனால் சில வகைகள் வளைந்துவிடும்.

கிரிக்கெட் என்றால், "ஹெல்மட் போடுகிறானே" என்பார்கள். துடுப்பெடுத்தாடும்போது போடுகிறான், சரி. களத்தடுப்பில் நிற்கும்போது? வலைப்பந்தில் மோதக்கூடாது என்பது விதி, முழங்கைக்கு அந்த விதி தெரியாது. உதைபந்தில் தலையோடு தலை மோதுவதைச் சொல்லவே வேண்டாம். பயிற்சியின்போதும் போட வேண்டும். அடிபடுவது போட்டியன்று மட்டும் இல்லை. கழற்றிப் போடும் பிளேட் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டே இறங்க வேண்டும். உடைந்த துண்டு தொண்டைக்குள் போகலாம்.

பயிற்றுநர்களே, அடிபட்டால் இதை மட்டும் நினைவில் வையுங்கள். நிலையான பல் (பாற்பல் அல்ல) முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் மேற்பகுதியில் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் பாலில் அலசி, அதே குழியில் திரும்ப வைத்து, துணியொன்றைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே கொண்டுவாருங்கள். தண்ணீரில் போடாதீர்கள், ரிஷூவில் சுற்றாதீர்கள். வேர் காய்ந்தபடி ஒரு மணித்தியாலம் போய்விட்டால் அதிலுள்ள உயிரணுக்கள் பெரும்பாலும் செத்துவிடும். அரை மணித்தியாலத்துக்குள் வைத்தால் நல்ல நம்பிக்கை உண்டு. பல் கம்பியில் தொங்கினால் கம்பியை வெட்ட வேண்டாம், மெல்ல இடத்துக்குத் தள்ளிப் பிடித்தபடி கூட்டிவாருங்கள். பிரக்கெட் ஒன்றைக் காணவில்லை, பிள்ளை விடாமல் இருமுகிறது என்றால் பல் வைத்தியரைத் தேடாமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

போட்டிக்கு முந்திய கிழமை ஒருமுறை வந்து காட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனியை வெட்டி, கழன்ற பிரக்கெட்டை ஒட்டிவிட அதிக நேரம் எடுக்காது. போட்டியன்று காலை வந்து, "கம்பியை மட்டும் கழற்றிவிடுங்கோ டொக்டர், பிறகு போடுவம்" என்று நிற்காதீர்கள். கம்பியை எடுத்தாலும் உதட்டைக் கிழிக்கும் பிரக்கெட்டுகள் அங்கேயேதான் இருக்கும்.