இலையின் மஞ்சளும் கண்ணின் மஞ்சளும்

"அக்கா, வேலை முடிந்து வெளியே வந்தால் கொஞ்ச நேரம் உலகமே பச்சையாகத் தெரிகிறது. என் கண் கெட்டுவிட்டதா?"

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் கீரை வளர்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நான்காம் மாடியில் கீரையா என்று ஊரில் வியப்பார்கள். தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் தீவு இது. உள்ளூர் விளைச்சலைக் கூட்ட 2019-இல் அரசாங்கம் இலக்கு அறிவித்த பிறகு, லிம் சூ காங், கிராஞ்சிப் பக்கத்து மண் தோட்டங்களோடு சன்னலே இல்லாத இத்தகைய அறைகளும் பேச்சில் அடிபடத் தொடங்கின. தட்டுக்கு மேல் தட்டாக அடுக்கு. ஒவ்வொரு தட்டின் தலைக்கு மேலும் எல்இடி விளக்குப் பட்டை. தம்பிக்கு அங்கே தினமும் எட்டு மணி நேர வேலை. மாலையில் கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்கிறார். மேற்பார்வையாளர் "வெறும் விளக்குதானே" என்றாராம். தங்கும் விடுதியில் உள்ள நண்பரோ கண்ணில் தாய்ப்பால் விடச் சொன்னாராம். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பச்சை. இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விரும்பி உறிஞ்சும் என்று பள்ளியில் படித்திருப்போம். அதனால்தான் இந்த விளக்குகள் பெரும்பாலும் 660 நானோமீட்டர் சிவப்பையும் 450 நானோமீட்டர் நீலத்தையும் கொட்டுகின்றன. நம் விழித்திரையில் நிறமறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. மணிக்கணக்காக இந்த ஊதா வெளிச்சத்தில் நின்றால், சிவப்புக்கும் நீலத்துக்கும் உரியவை தம் உணர்திறனைத் தாழ்த்திக்கொள்கின்றன. பச்சைக்கு உரியவை அவ்வளவாகக் களைப்பதில்லை. வெளியே வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்ததும் அவற்றின் குரல் ஓங்கி ஒலிக்கிறது, சுவர் பச்சையாகிவிடுகிறது. சில நிமிடங்களில் மூன்றும் சமநிலைக்குத் திரும்பிவிடும். கண் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கே இது சான்று.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. இந்த ஒளி எவ்வளவு வலிமையானது என்பதைக் கண்ணால் சரியாக எடைபோட முடியாது. 555 நானோமீட்டர் பச்சை ஒளி ஒரு வாட் வந்தால் அது நமக்கு 683 லூமன் வெளிச்சம். அதே ஒரு வாட் 450 நானோமீட்டர் நீலமாக வந்தால் ஏறத்தாழ 26 லூமன்தான். 660 சிவப்பாக வந்தால் 42 லூமன். ஆற்றல் ஒன்று, நீலத்தில் உணரும் வெளிச்சமோ பச்சையில் இருபத்தாறில் ஒரு பங்கு. கைபேசியில் இருக்கும் லக்ஸ் அளவிச் செயலியும் மனிதக் கண்ணின் இந்தக் கணக்கைப் பின்பற்றவே முயல்கிறது. "ஒன்றும் பெரிய வெளிச்சமில்லையே" என்று அதைக் காட்டி யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

இன்னொரு தப்புக் கணக்கு தூரத்தைப் பற்றியது. இரண்டடி தள்ளி நின்றால் போதும் என்று நினைக்கிறோம். தள்ளி நின்றால் கண்ணுக்குள் நுழையும் மொத்த ஒளி குறையும், உண்மை. ஆனால் கண்ணில் ஒரு வில்லை இருக்கிறது. விளக்கின் உருவத்தை அது விழித்திரையில் குவிக்கிறது. தூரம் கூடினால் அந்த உருவம் சிறுக்கிறது. உருவம் விழுந்த இடத்தில் ஒளியின் செறிவு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ஆகவே வெற்று எல்இடிப் புள்ளியை அரை மீட்டரில் உற்றுப் பார்ப்பதும் ஒன்றரை மீட்டரில் உற்றுப் பார்ப்பதும் அந்தச் சிறு இடத்துக்கு ஒன்றுதான்.

"நண்பகல் வெயில் இதைவிடப் பத்து மடங்கு இருக்குமே, வயலில் வேலை செய்கிறவர்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாலட் இலைகளுக்கு இந்த அறைகளில் கொடுக்கும் ஒளி வழக்கமாக உச்சி வெயிலில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் வெயில் தலைக்கு மேலிருந்து வருகிறது. புருவமும் இமையும் அதற்கென்றே அமைந்த கூரை. சூரியனை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அடுக்குத் தோட்டத்தில் சூரியன்கள் கண்மட்டத்தில் தொங்குகின்றன. ஏணியில் ஏறினால் கீழேயிருந்தும் அடிக்கின்றன. அந்தத் திசைக்கு நம் முகத்தில் கூரை இல்லை.

நீல ஒளி செய்யும் தீங்கு சூட்டுக்காயம் அல்ல, வேதிவினை. 1976-இல் வில்லியம் ஹாமும் அவருடைய கூட்டாளிகளும் குரங்குகளின் விழித்திரையில் வெவ்வேறு அலைநீள ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். அலைநீளம் குறையக் குறைய, காயப்படுத்தத் தேவையான ஒளியும் வெகுவாகக் குறைந்தது. இன்று பாதுகாப்பு வரம்புகள் 440 நானோமீட்டருக்கு அருகே உள்ள நீலத்துக்குத்தான் அதிகமான எடை தருகின்றன. இங்கே கணக்கு அளவையும் நேரத்தையும் பெருக்கி வருவது: கொஞ்சமான ஒளி, நீண்ட நேரம். நீல ஒளித்துகள் விழித்திரையில் உள்ள சில மூலக்கூறுகளைத் தூண்டுகிறது. அவை ஆக்சிஜனைத் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட ஆக்சிஜன் அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கிறது.

இந்தச் சங்கிலியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இலைதான் நினைவுக்கு வரும். ஏனென்றால் இலைக்கும் இதே தொல்லை.

பச்சையம் ஒளியைப் பிடிக்கும் வேகத்துக்கு இலையால் அதைச் செலவழிக்க முடியாது. உச்சிப் பொழுதில் வரவு மிஞ்சிவிடும். மிஞ்சிய ஆற்றலோடு நிற்கும் பச்சைய மூலக்கூறு பக்கத்து ஆக்சிஜனைத் தூண்டிவிட்டால், இலைச் செல்லுக்குள் பச்சையம் குடியிருக்கும் பசுங்கணிகமே அரிபடும். ஓடிப் போய் நிழலில் ஒதுங்க இலைக்குக் கால் இல்லை. அதனால் மஞ்சள் நிற மூலக்கூறுகளைக் காவலுக்கு வைத்திருக்கிறது. லூட்டீன் அவற்றில் முதன்மையானது. ஒளியைப் பிடிக்கும் முக்கியப் புரதத்தின் ஒவ்வோர் அலகிலும் 14 பச்சைய மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இரண்டு லூட்டீன் மூலக்கூறுகள் பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று குறுக்கிட்டுத் தாங்கி நிற்கின்றன. தாங்குவதோடு, வெறிகொண்ட பச்சையத்தின் ஆற்றலைத் தாமே வாங்கி வெப்பமாக விட்டுவிடுகின்றன.

அதைவிட அழகு சீசாந்தின் என்ற இன்னொரு மஞ்சள் காவலரின் ஏற்பாடு. வெயில் மிஞ்சும்போது பசுங்கணிகத்தின் உட்பைகளில் அமிலத்தன்மை ஏறுகிறது. அந்த அமிலமே ஒரு நொதியை எழுப்பிவிடுகிறது. அது வயலாசாந்தின் என்ற மூலக்கூறைச் சில நிமிடங்களில் சீசாந்தினாக மாற்றுகிறது; இலை மிகுதியான ஆற்றலை வெப்பமாகக் கழிக்கத் தொடங்குகிறது. மேகம் வந்து மூடினால் மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நரம்பும் மூளையும் இல்லாத ஓர் இலை, வெயிலுக்கேற்பத் தன் திரையை இறக்கி ஏற்றுகிறது! குளிர்பதனப் பெட்டியில் மறந்துபோன கீரைக்கட்டு மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். பச்சையம் சிதைந்த பிறகு வெளியே தெரியும் அந்த மஞ்சளில் இந்தக் காவலர்களும் உண்டு.

இப்போது கண்ணுக்கு வாருங்கள். விழித்திரையின் நடுவே, எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் பயன்படும் சிறு இடத்துக்கு மஞ்சள் புள்ளி என்று பெயர். அந்த மஞ்சள் எது? போன், லேண்ட்ரம் என்ற ஆய்வாளர்கள் 1985-இல் அடையாளம் கண்டு சொன்ன விடை: லூட்டீனும் சீசாந்தினும். இலையில் காவல் நிற்கும் அதே இரண்டு மூலக்கூறுகள். நம் உடலால் இவற்றை உண்டாக்க முடியாது. தின்ற கீரையிலிருந்தும் சோளத்திலிருந்தும் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்தும் வந்தவைதான். ரத்தத்தில் சுற்றும் இவற்றின் உறவு நிறமிகளான பல கரோட்டினாய்டுகளில் விழித்திரை இவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, கூம்பு செல்களுக்கு முன்னால், ஒளி வரும் வழியில் வைக்கிறது. இவை மிகுதியாக உறிஞ்சுவது 460 நானோமீட்டரை ஒட்டிய நீலம். தோட்டத்து விளக்கின் 450 அதற்குப் பக்கத்து வீடு!

உங்கள் கண்ணில் உள்ள இந்த மஞ்சளை நீங்களே பார்க்கலாம். மடிக்கணினியின் எல்சிடி திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஓர் இடத்தையே பார்த்தபடி தலையை இடமும் வலமுமாகச் சாயுங்கள். பார்க்கும் இடத்தில் மங்கலான மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முடிச்சு ஒன்று தலையோடு சேர்ந்து சுழலும். இரண்டு மூன்று விநாடியில் மறையும். ஹைடிங்கர் என்பவர் 1844-இல் இதை விவரித்தார். திரையிலிருந்து வருவது ஒரே தளத்தில் அதிரும் ஒளி. மஞ்சள் புள்ளியில் அந்த மூலக்கூறுகள் ஆரக்கால் போல ஒழுங்காக அமைந்திருப்பதால், ஒரு திசையில் நீலத்தை அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் உறிஞ்சுகின்றன. எனக்கு முதல் முறை தெரிய அரைமணி நேரம் ஆனது. தெரிந்த நொடியில், என்றோ நான் தின்ற கீரையை என் கண்ணே எனக்குக் காட்டுகிறது என்று உடம்பு சிலிர்த்தது.

பொன்னாங்கண்ணிக் கீரை தின்றால் பகலிலும் நட்சத்திரம் தெரியும் என்பார்கள் நம் பாட்டிமார்கள். நட்சத்திரம் தெரியாது. ஆனால் கீரைக்கும் கண்ணுக்கும் உறவு உண்டு என்று கண்டவர்கள் தவறாகக் காணவில்லை. கொஞ்சம் எண்ணெயோடு சமைத்தால் இந்த மூலக்கூறுகள் உடலில் நன்றாகச் சேரும். தேக்கா சந்தையில் கீரைக்கட்டு வாங்கும் காசை லூட்டீன் மாத்திரைக்குக் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து. மூப்பினால் மஞ்சள் புள்ளி சிதையும் நோய் உள்ளவர்களில் 4,000 பேருக்கு மேல் சேர்த்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது. ஏற்கெனவே கொடுத்துவந்த ஊட்டச்சத்துக் கலவையோடு லூட்டீனையும் சீசாந்தினையும் சேர்த்ததால், நோய் முற்றுவது மேலும் குறைந்ததாக அதன் முதன்மைக் கணக்கில் தெரியவில்லை. கீரை உணவு, கவசம் அல்ல. இலை நிமிடத்தில் திரையை இறக்குகிறது. நம் திரையோ மாதக்கணக்கில் சேர்ந்தது, அதுவும் மஞ்சள் புள்ளியை மட்டும் மறைப்பது.

ஆகவே கண்ணாடி வேண்டும். ஆனால் எந்தக் கண்ணாடி? கடற்கரைக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்கு ஏற்றதல்ல. எல்லா நிறத்தையும் ஒரேயடியாக இருட்டாக்கும், பாவை விரியும், ஈரத் தரையில் கால் வழுக்கும், இலையின் நிறமும் தெரியாது. வளர்ப்பு அறைக்கென்று செய்த பச்சைச் சாயல் கண்ணாடிகள் நீலத்தையும் சிவப்பையும் வெட்டிப் பச்சையை விடுகின்றன. விளக்கில் ஓரளவாவது பச்சை கலந்திருந்தால், இலை இலையாகவே தெரியும். சத்துக் குறைந்து மஞ்சளாகும் இலையைப் பிடித்துவிடலாம். பக்கவாட்டையும் மூடுவதாக இருக்கட்டும். வாங்கும்போது 450 நானோமீட்டரில் எத்தனை விழுக்காடு ஒளியை விடுகிறது என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள். சோடியம் விளக்குக்குச் செய்த நீலக் கண்ணாடியை எல்இடி அறைக்குத் தலையில் கட்டினால் வாங்காமல் திருப்பிக் கொடுங்கள். அது வெட்டுவது மஞ்சளை, விடுவது நீலத்தை.

தலைவலிக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். கண்ணின் வில்லையால் சிவப்பையும் நீலத்தையும் ஒரே இடத்தில் குவிக்க முடியாது. இரண்டு மட்டுமே உள்ள வெளிச்சத்தில் ஒன்று தெளிந்தால் மற்றொன்று மங்கும். கண் ஓயாமல் அலைபாயும். வேலை நேரத்தில் வெள்ளை விளக்கைப் போட்டாலே இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

தாய்ப்பால் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. சில அறைகளில் கிருமி கொல்ல 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கு வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும். கண்ணின் முன்பக்கத்தில் உள்ள தெளிந்த படலமான கார்னியாவின் மேல்தோல் உரிந்ததன் வலி அது. வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறும். தோல் உரிந்த அந்த இடத்தில் தாய்ப்பாலையும் வெங்காயச் சாற்றையும் விட்டால் கிருமிக்கு விருந்து வைத்ததாகும். பார்வையையே இழக்க நேரலாம். ஒட்டுவில்லை (காண்டாக்ட் லென்ஸ்) அணிந்திருந்தால் கழற்றிவிட்டு, கண்ணைத் தேய்க்காமல், பலதுறை மருந்தகத்துக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ போங்கள்.

மேற்பார்வையாளருக்கும் ஒரு சொல். சிங்கப்பூரின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006-இல் வந்தது. ஊழியரின் பாதுகாப்புக்கு இயன்றதைச் செய்வது முதலாளியின் கடமை என்கிறது அது. விளக்கு வாங்கிய பெட்டியிலோ அதன் குறிப்பேட்டிலோ ஒளியால் கண்ணுக்கு வரும் கேட்டைக் குறிக்கும் பிரிவு எண் (Risk Group) இருக்கிறதா என்று பாருங்கள். 0 என்றால் கவலையில்லை. 1 என்றால் வெகுநேரம் உற்றுப் பார்க்கக் கூடாது. 2 என்றால் இயல்பாக இமை மூடும் கால் விநாடியை நம்பித்தான் கண் பிழைக்கிறது. 3-க்கு அந்தக் கால் விநாடியும் கிடையாது. எந்த நிற ஒளிக்கு எந்தக் கீரை எத்தனை கிராம் கூடுகிறது என்று ஆராயப் பொதுப்பணம் ஒதுக்குகிறோம், ஒதுக்கத்தான் வேண்டும். அதே திட்டத்தில் அங்கே எட்டு மணி நேரம் நிற்கிறவர்களின் விழித்திரையை ஆண்டுதோறும் படமெடுத்துப் பார்க்கவும் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். கீரையின் எடையைத் தினம் நிறுப்பவர்கள் அதைச் செய்யக் கூடியவர்களே.

தம்பி, கண்ணாடி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்குத் தட்டை வெளியே இழுக்கும் முன் அந்த அடுக்கின் சுவிட்சை மட்டும் அணைத்துவிடுங்கள். சாலட் இலைகளுக்குப் பொதுவாக நாளில் எட்டு மணி நேரம் இருள் கொடுக்கிறார்கள். கூடுதலாகப் பத்து நிமிடம் இருளில் இருந்தால் உங்கள் கீரை வாடாது.