மேசையில் ஓடிய போர்டை விற்கலாமா?

வைஃபை வசதியோடு வரும் மலிவான ஈஎஸ்பி32 சிப் உள்ள போர்டு ஒன்றில் சென்சாரை மாட்டி, கொஞ்சம் கோடு (நிரல்) எழுதி, போனில் வெப்பநிலை தெரிந்துவிட்டால் யாருக்கும் ஒரு ஆசை வரும்: இதையே டப்பாவில் போட்டு விற்றால் என்ன? பக்கத்தில் அனுபவப்பட்டவர் யாராவது இருந்தால், "அதெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி.

சிப்பைப் பற்றிய சந்தேகத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். ஷாங்காய் நகரத்து எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-ல் ஈஎஸ்பி8266-ஐயும் 2016-ல் ஈஎஸ்பி32-ஐயும் வெளியிட்டது. 2023-க்குள் அது அனுப்பிய சிப்புகளின் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டிவிட்டது. இவற்றில் பெரும்பங்கு பொழுதுபோக்குக்காரர்களின் மேசைக்கு வந்திருக்க வழியில்லை. சோனாஃப், ஷெல்லி என்ற பெயர்களில் விற்கும் வைஃபை ஸ்விட்சுகளில் பல மாடல்களைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது இந்தக் குடும்பத்துச் சிப்தான்.

அப்படியானால் குறை எங்கே? நாம் "போர்டு" என்று சொல்வது மூன்று அடுக்குகளை. நடுவில் சிப். சிப்போடு கோடைச் சேமிக்கும் ஃபிளாஷ் மெமரி, தாளம் தரும் கிறிஸ்டல், ஆன்டெனா எல்லாம் சேர்ந்து தகர மூடி போட்ட சிறு துண்டு, மாட்யூல். அந்த மாட்யூலைச் சுற்றி யூஎஸ்பி சாக்கெட், மின்னழுத்தத்தைக் குறைத்துச் சீராக வைக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டர், எல்ஈடி, பட்டன், வரிசையாகப் பின்கள் என்று அமைந்திருப்பதுதான் டெவலப்மென்ட் போர்டு. வழக்கமான மாட்யூல்கள் மைனஸ் 40 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும். அந்த மூன்றாவது அடுக்கோ மேசையில் வைத்துச் சோதித்துப் பார்ப்பதற்காகச் செய்தது. சிக்கல்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஈஎஸ்பி32 வைஃபையில் ஒரு பாக்கெட்டை அனுப்பும் கணத்தில் சுமார் 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். அனுப்பி முடித்ததும் மின்னோட்டம் சட்டென்று இறங்கிவிடும். இந்தத் திடீர்ப் பசிக்கு ரெகுலேட்டர் உடனே ஈடுகொடுக்க வேண்டும். மலிவு போர்டுகளில் அடிக்கடி காணப்படும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் 3.3 வோல்ட் தர வேண்டுமானால், உள்ளே வரும் மின்னழுத்தம் அதைவிட ஏறத்தாழ 1.1 வோல்ட் கூடுதலாக, அதாவது 4.4 வோல்ட்டாவது இருக்க வேண்டும். யூஎஸ்பியில் வருவது 5 வோல்ட். மெலிந்த கேபிள் 0.3 வோல்ட்டைத் தின்றுவிட்டு, நடுவில் இருக்கும் டையோடும் இன்னொரு 0.3-ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் சரியாக 4.4. விளிம்பில் நிற்கிறோம்.

ரெகுலேட்டர் கொஞ்சம் தடுமாறினாலும், மின்சாரத்தைச் சிறிது சேமித்து வைக்கும் கெபாசிட்டர் தாங்காதா என்று கேட்கலாம். 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று தனியாக 240 மில்லிஆம்பியரைத் தாங்கினால், 3.3 வோல்ட்டிலிருந்து 2.4-க்கு இறங்க அதற்கு 40 மைக்ரோவினாடிகூட ஆகாது. வைஃபை பாக்கெட் ஒன்று அதைவிட நீண்ட நேரம் ஓடக்கூடும். மின்னழுத்தம் ஏறத்தாழ 2.43 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிப்புக்குள் இருக்கும் பிரௌன்அவுட் (மின்னழுத்தச் சரிவு) கண்காணிப்பு சிப்பையே ரீசெட் செய்துவிடும். எழுந்ததும் மறுபடி வைஃபை, மறுபடி சரிவு, மறுபடி ரீசெட். இணையத்தில் இதற்குப் பரவலாகக் கிடைக்கும் "தீர்வு", அந்தக் கண்காணிப்பை ஒரே வரி கோடில் அணைத்துவிடுவது. காய்ச்சல் அடிக்கிறது என்று தெர்மாமீட்டரை உடைத்துப் போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உருப்படியான வழி, எஸ்பிரெசிஃப் சொல்வதுபோல 500 மில்லிஆம்பியராவது தரக்கூடிய சப்ளையும் மாட்யூலை ஒட்டியே போதிய கெபாசிட்டரும்.

பேட்டரியில் ஓடும் சாதனம் என்றால் கதை இன்னும் மோசம். ஆழ்ந்த தூக்கத்தில் சிப்புக்கு 10 மைக்ரோஆம்பியர் போதும். ஆனால் அந்த ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கவே ஏறக்குறைய 5 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்ளும். அது சிப்பைப்போல 500 மடங்கு. 2,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 17 நாளில் காலி. பவர் எல்ஈடியின் பங்கை இதில் சேர்க்கவே இல்லை.

ஆகவே விற்பனைக்கு என்றால் போர்டை அப்படியே போடாமல், மாட்யூலை மட்டும் எடுத்துச் சொந்த சர்க்யூட் போர்டில் சோல்டர் செய்துகொள்வார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அமெரிக்காவின் எஃப்சிசி போன்ற அமைப்புகள் தரும் ரேடியோ அனுமதிகள் பல மாட்யூல்களுக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கும், எண் மூடியிலேயே அச்சாகியிருக்கும். மொத்தச் சாதனத்துக்கான சோதனை தனியாக இருக்கும், ஆனால் ரேடியோவை முதலிலிருந்து சோதிக்க வேண்டியதில்லை. இந்தச் சலுகை ஆன்டெனாவை மாற்றினால் போய்விடலாம். ஆன்டெனாவுக்குக் கீழே செம்புத் தடத்தை ஓட்டினாலோ, உலோக டப்பாவுக்குள் அடைத்தாலோ சிக்னலும் போய்விடும்.

சரி, ஹார்டுவேர் ஒழுங்காகிவிட்டது. அப்புறம்தான் பெரிய தலைவலி: கோடு.

ஒரு குளிர்பதனக் கிடங்கில் கரண்ட் போய்த் திரும்ப வருகிறது என்று வையுங்கள். நம் சாதனம் ஒரு வினாடியில் எழுந்துவிடும், ரவுட்டர் எழ இரண்டு நிமிடம் ஆகலாம். கோடு தொடக்கத்தில் மட்டும் சில வினாடி வைஃபையைத் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டால், அடுத்த முறை யாராவது பிளக்கைப் பிடுங்கிச் செருகும்வரை அது ஊமைதான். மேசையில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே ரவுட்டர் எப்போதும் விழித்திருக்கும். மேசையில் சாதனம் வருடத்துக்கு ஒருமுறை தொங்கினால், அதாவது அப்படியே உறைந்து நின்றால், ரீசெட் பட்டனை அமுக்கிவிட்டு மறந்துவிடுவோம். அதே கோடு 1,000 சாதனங்களில் போனால் தினமும் இரண்டு மூன்று எங்காவது தொங்கும். அதற்காகத்தான் வாட்ச்டாக் டைமர்: கோடு குறித்த நேரத்துக்குள் "இருக்கிறேன்" என்று சொல்லாவிட்டால் அது சிப்பை ரீசெட் செய்துவிடும். தொலைவிலிருந்து அப்டேட் அனுப்புவதானால் ஃபிளாஷில் பழைய பதிப்புக்கும் புதியதற்கும் தனித்தனி இடம் வேண்டும், புதியது எழாவிட்டால் தானாகப் பழையதற்குத் திரும்ப வேண்டும்.

ஃபிளாஷுக்கும் ஆயுள் உண்டு. ஒரு 4 கிலோபைட் பகுதியைப் பொதுவாக 1,00,000 முறை அழித்து எழுதலாம். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஒரே பகுதியை நிமிடத்துக்கு ஒருமுறை அழித்து எழுதினால் 70 நாளில் முடிந்துவிடும். எழுத்தைப் பல இடங்களில் பரப்பி வைக்கும் லைப்ரரியைப் பயன்படுத்தினால் இது நெடுங்காலம் இழுக்கும்.

இன்னொன்று, மெதுவாக வந்து கடிக்கும் வகை. இந்தப் போர்டுகளுக்குப் பலரும் பயன்படுத்தும் ஆர்டுயினோ முறையில் எழுதிய கோடில், ஓடிய நேரத்தை மில்லிவினாடியில் எண்ணும் கவுண்டர் 32 பிட். 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பி, பூஜ்யத்துக்குத் திரும்பும். "இப்போதைய நேரத்திலிருந்து கடைசி நேரத்தைக் கழி" என்று எழுதியிருந்தால் ஒன்றும் ஆகாது. "இந்த நேரத்தைத் தாண்டிவிட்டதா" என்று நேரடியாக ஒப்பிட்டிருந்தால் அன்றைக்குச் சாதனத்தின் நடத்தை குழம்பும். இதைப் பிடிக்க 50 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. சோதனைக்கென்று கவுண்டரோடு ஒரு பெரிய எண்ணைக் கூட்டி, இன்னும் ஐந்து நிமிடத்தில் நிரம்பும்படி வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம்.