பைக் கிரிப்பை வீட்டில் மாற்றுகிறவர்களுக்கு

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி வத்தலக்குண்டில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து இடது பக்கக் கிரிப்பை, அதாவது ஹேண்டிலில் நாம் கை பிடிக்கும் ரப்பர் உறையை, எடுத்து பெஞ்சில் வைத்தார். "மலை இறங்கும்போது ஒரு வளைவுல கையோட வந்துருச்சுண்ணே" என்றார். கொடைக்கானல் மலைப்பாதை. கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள்தான் வீட்டில் புதுசாக மாற்றியிருக்கிறார். கிரிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசம்.

அவர் மட்டுமில்லை, நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். புது கிரிப்பின் உள்வாய் ஹேண்டில் கம்பியைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். அந்த இறுக்கம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. எண்ணெய், கிரீஸ், ஷாம்பு என்று எதையாவது தடவினால் சட்டென்று ஏறிவிடும், ஆனால் எண்ணெய் காயவே காயாது. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. மலை இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்க உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கைக்கு வருகிறது, கிரிப் சுழல ஆரம்பிக்கிறது.

வழுக்கி ஏற வேண்டும், அப்புறம் தானாக உலர்ந்தும் போக வேண்டும். அதற்கு செல்போன் ரிப்பேர் செய்பவர்கள் வைத்திருக்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போதும். உள்ளே கொஞ்சம் விட்டு, ஒரே மூச்சில் தள்ள வேண்டும். பாதியில் நிறுத்தினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். அது பெட்ரோல் மாதிரி பற்றக்கூடியது, அதனால் சூடான இன்ஜின் பக்கத்திலோ பீடி, சிகரெட் பக்கத்திலோ வைத்து வேலை செய்யாதீர்கள்.

வாங்கும்போதே இடது எது, வலது எது என்று உள்ளே பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பெரும்பாலான பைக்குகளின் ஹேண்டில் பார் முனை 22 மில்லிமீட்டர். இடது கிரிப் நேரடியாக அந்தக் கம்பிமேல் ஏறும். வலது பக்கம் கம்பிமேல் ஆக்சிலேட்டரின் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது, கிரிப் அதன்மேல் ஏற வேண்டும் என்பதால் அதன் வாய் பெரிசு. மாற்றிப் போட்டுவிட்டு, லூஸாக இருக்கிறதே என்று இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சில வண்டிகளுக்கு வலது கிரிப் குழாயோடு சேர்ந்தே வரும். அதை மாற்ற சுவிட்ச் பாக்ஸைத் திறந்து கேபிளைக் கழற்ற வேண்டும். திரும்ப மூடும்போது, பாக்ஸின் உள்ளே இருக்கும் சின்ன முளை கம்பியில் உள்ள துளையில் உட்காருகிறதா என்று பாருங்கள். உட்காராமல் ஸ்க்ரூவை முறுக்கினால் பாக்ஸ் விரிசல் விட்டுவிடும்.

பழைய கிரிப்பைக் கழற்ற, இடது பக்கம் பிளேடால் நீளவாக்கில் கிழித்துவிடலாம், அடியில் இரும்புதான். வலது பக்கம் பிளேடு வேண்டாம், பிளாஸ்டிக் குழாயைக் கீறிவிடும். ஓரத்தை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் தூக்கி, ஐ.பி.ஏ. விட்டு, சுழற்றிச் சுழற்றி இழுங்கள். பஞ்சர் கடையில் கம்ப்ரசர் காற்றை அந்த ஓரத்தில் விட்டால் கிரிப் உப்பிக்கொண்டு தானே வந்துவிடும். பிறகு துரு, பழைய பசையைத் தேய்த்து எடுங்கள்.

பசை கட்டாயமில்லை. போடுவதானால் கிரிப் பசையை மெல்லிசாகப் பூசி ஒரு ராத்திரி காயவிடுங்கள். உடனே ஒட்டும் பசைகளை நான் தொடுவதில்லை. கிரிப் பாதி ஏறும்போதே பிடித்துக்கொள்ளும்.

வலது பக்கத்தைப் பற்றித்தான் எனக்கு உண்மையான பயம். இடது கிரிப் கழன்றால் பிடி போகும், வலது கிரிப் மாட்டிக்கொண்டால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. பசை வழிந்து குழாய்க்கும் கம்பிக்கும் நடுவில் இறங்கினால் ஆக்சிலேட்டர் திறந்தபடியே நின்றுவிடும். கிரிப்பை உள்ளே அதிகம் தள்ளினால் சுவிட்ச் பாக்ஸில் உரசும். வெளியே நீண்டிருந்தால் ஹேண்டில் முனையில் இருக்கும் எடைக் கட்டியில் (பார் எண்ட் வெயிட்) உரசும். இரண்டு பக்கமும் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மாட்டி முடித்ததும் இன்ஜின் ஓடாதபோதே ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிக் கையை எடுத்துவிடுங்கள். தானாகவே 'டப்'பென்று திரும்பி வர வேண்டும். ஹேண்டிலை நேராக வைத்து ஒரு தடவை, இடது கோடியில் ஒரு தடவை, வலது கோடியில் ஒரு தடவை. மெதுவாகத் திரும்பி வந்தாலும் அது தோல்விதான், கழற்றிப் பாருங்கள். அப்புறம் வெளிக்காற்றில் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். கிரிப்பை லேசாக முறுக்கினால் கேபிள் இழுக்கும் முன் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். பல வண்டிகளில் அது 2 முதல் 6 மில்லிமீட்டர், உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கும்.

கிரிப்புக்கு மேலே மாட்டும் ஸ்பாஞ்ச் கவரும் இதே சங்கதிதான். தடிமனாக இருந்தால் பிரேக் லீவருக்கு விரல் எட்டாது, ஓரம் சுருண்டு சுவிட்ச் பாக்ஸில் மாட்டும். கை மரத்துப்போகிறது என்று கவர் போடுகிறவர்கள் முதலில் பழைய கிரிப்பைப் பாருங்கள். வெயிலில் ரப்பர் இறுகி வழவழவென்று ஆகியிருந்தால், நாம் அறியாமலே இறுக்கிப் பிடிக்கிறோம். மரத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓடும்போது ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் கிளட்சைப் பிடித்து, கில் சுவிட்சை (இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச்) அணைத்து, பிரேக் போட்டு ஓரம் கட்டுங்கள். கிளட்ச் இல்லாத ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்தபடி சாவியை ஆஃப் வரை மட்டும் திருப்புங்கள். அதைத் தாண்டினால் ஹேண்டில் பூட்டிக்கொள்ளக்கூடும்.

அந்தத் தம்பியின் கிரிப்பை டிஷ்யூ வைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், எண்ணெய் முழுசாகப் போகவில்லை. 'புதுசுண்ணே' என்று தயங்கினார். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, வேறு ஜோடியை அவர் கையாலேயே மாட்ட வைத்தேன். நன்றாக உலரட்டும் என்று வண்டியை மறுநாள் காலைதான் கொடுத்தேன்.