வீட்டு வரி நியாயமா? முதலில் சதுர அடியைப் பாருங்கள்

வீட்டு வரி ரசீது கையில் வந்ததும் எல்லோரும் பார்ப்பது கடைசியில் இருக்கும் தொகையைத்தான். போன முறையை விடக் கூடியிருக்கிறதா, பக்கத்து வீட்டில் எவ்வளவு கட்டினார்கள் என்பதுதான் பேச்சு. குழித்துறை, தக்கலை நீதிமன்றங்களில் சொத்து வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் நான் முதலில் பார்ப்பது வேறு. வரி போட்ட பதிவில் எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கிறது, குடியிருப்பா வணிகமா, கான்கிரீட்டா ஓடா. வரி அநியாயம் என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு அநியாயம் நடந்திருப்பது அந்த இடத்தில்தான். அங்கே எழுதியதை ஒருவரும் வாசிப்பதில்லை.

நம் குமரி மாவட்டத்தில் இது கூடுதலாகக் குழம்பும். 95 ஊராட்சிகள், 51 பேரூராட்சிகள், சில நகராட்சிகள், 2019-ல் மாநகராட்சியான நாகர்கோவில் என்று பிரிந்து கிடக்கிறோம். ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவருக்கு எது ஊர், எது டவுன் என்று சொல்லவே முடியாது. ஒரு ரப்பர் விளைக்கு (தோட்டத்துக்கு) இந்தப் பக்கம் பேரூராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடு, ஒரே பஸ், ஒரே சந்தை. வரி மட்டும் வேறு. ஊராட்சியில் வீட்டு வரி, பேரூராட்சியில் சொத்து வரி, சட்டமும் வேறு வேறு. ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தாலே மக்கள் பதறுவது இதனால்தான். அந்தப் பதற்றத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் வரி போடும் முறை இப்படி. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு மதிப்பைக் கணக்கிடுவார்கள். அதற்குத் தெருவை மண்டலமாகப் பிரித்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விகிதம் வைத்திருப்பார்கள். அதைக் கட்டடத்தின் பரப்பால் பெருக்கி, வயதுக்கும் வகைக்கும் கழிவு கொடுத்து, வரும் தொகையில் ஒரு பங்கைத்தான் வரியாக வாங்குகிறார்கள். நாகர்கோவிலில் கோட்டாறு பக்கம் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும், அங்கே வாடகைக்கு ஆள் வரும். அருமனைக்கும் குலசேகரத்துக்கும் உள்ளே தள்ளி, தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே நிற்கும் இரண்டு மாடி வீட்டுக்கு யார் வாடகைக்கு வரப் போகிறார்கள்? அங்கே வாடகை மதிப்பு காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியது பலருக்கு நினைவிருக்கும். சென்னை தவிர்த்த மாநகராட்சிகளிலும் நகராட்சி, பேரூராட்சிகளிலும் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று கூட்டினார்கள். சின்ன வீட்டுக்குக் குறைவாக, பெரிய வீட்டுக்குக் கூடுதலாக. இந்த எண்ணம் சரியானது என்றே நினைக்கிறேன். ஒன்றிய அரசின் மானியம் வேண்டுமென்றால் சொத்து வரியை உயர்த்தியாக வேண்டும் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்திருந்தது. அதற்கு முன்பு 2018-ல் உயர்த்தி, 2019-ல் அதை நிறுத்தியும் வைத்தார்கள். நம் பகுதியில் பல வருடமாகத் தொடாமல் கிடந்த வரி ஒரேயடியாக ஏறியதால் வலி கூடுதலாகத் தெரிந்தது.

என் குறை இரண்டு இடத்தில். ஒன்று, இந்தச் சதவீதம் பழைய வரியின் மேல் போடப்பட்டது. பழைய வரி சரியாக இருந்தவனுக்குப் பிரச்சினை இல்லை. பரப்பைக் கூட்டி எழுதப்பட்டவனுக்குத் தவறும் சேர்ந்து வளர்ந்தது. வீட்டை மூன்று மடங்கு பெரிதாக்கிவிட்டுப் பழைய ஓட்டு வீட்டுக்கான வரியையே கட்டிக்கொண்டிருந்தவனுக்கு அந்தச் சலுகையும் அப்படியே தொடர்ந்தது. ஒரே தெருவில் இரண்டும் நடந்திருக்கிறது.

இரண்டாவது, இந்த அடுக்குகள் படிக்கட்டு போல ஏறுவது. 1190 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு வரி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதம் ஏறினால் 900. பக்கத்தில் 1210 சதுர அடி வீடு, பழைய வரி 610. அதற்கு 75 சதவீதம், ஏறத்தாழ 1068. முன்பு இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் பத்து ரூபாய், இப்போது 168. இருபது சதுர அடி என்பது ஒரு குளியலறைகூட இல்லை. வருமான வரியில் அடுக்கு மாறினால் அந்த அடுக்குக்குள் வரும் பணத்துக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே மொத்த வரிக்கும் கூடுதல் விகிதம் விழுகிறது. இதைத் திருத்த பெரிய சட்டமெல்லாம் வேண்டாம், மனம் இருந்தால் போதும்.

அதன்மேல் வருடாந்தர உயர்வும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் விதிகளும் ஆண்டுக்குக் குறைந்தது 6 சதவீதம் உயர்த்த வழி செய்கின்றன. சென்னையில் 2024 அக்டோபர் அரையாண்டிலிருந்து அப்படி உயர்த்தினார்கள். 6 சதவீதம் ஆண்டுதோறும் தவறாமல் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் வரி இரட்டிப்பாகிவிடும். சம்பளமும் வியாபாரமும் கூடவே ஏறுகிறவருக்கு அது தெரியாது. நிலையான பென்ஷனில் இருக்கிறவருக்குத் தெரியும்.

என்னிடம் வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). வாழ்நாள் முழுக்க அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைத்தவர். கையில் வருவது வருங்கால வைப்பு நிதியின் மாத ஓய்வூதியம், குறைந்தபட்சத் தொகையான 1000 ரூபாய். 2014-ல் நிர்ணயித்த தொகை அது. மகன் வளைகுடாவில் இருந்தபோது மாடி எடுத்துக் கட்டிய வீடு. மகனுக்கு இப்போது வேலை இல்லை, குடும்பத்தோடு வேறு ஊரில் இருக்கிறான். "நான் கீழ ஒத்த அறையில கெடக்கேன் சாரே, மேல பூட்டியே கெடக்கு. பூட்டின வீட்டுக்கும் கரம் கட்டணுமா?" என்று கேட்டார்.

பதிவேட்டு நகலை வாங்கிப் பார்த்தோம். 2050 சதுர அடி என்று இருந்தது. அளந்தால் 1700-க்குக் கீழேதான் வந்தது. மிச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மழைக்குப் பயந்து மொட்டை மாடியின் ஒரு பகுதியில் போட்டிருந்த ஷீட் கூரையையும் இன்னொரு தளம் போலக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. ஷீட் போடாவிட்டால் கான்கிரீட் கசியும். சுவரே இல்லாத, துணி காயப்போடும் இடம் அது. மனு கொடுத்தோம், மறு அளவுக்கு ஆள் வந்தார், பரப்பு திருத்தப்பட்டது. 100 சதவீத அடுக்கிலிருந்து 75-க்கு இறங்கியது, அடிப்படை வரியும் குறைந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை. பூட்டிக் கிடந்தாலும் அது கட்டடம்தான், பரப்பு பரப்புதான். வீட்டின் அளவைச் சட்டம் பார்க்கிறது. உள்ளே இருப்பவரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை.

இப்படி எத்தனை வீடுகள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன என்று ஊரைச் சுற்றுகிற யாருக்கும் தெரியும். வளைகுடாப் பணத்திலும் ஆழ்கடல் மீன்பிடித் தொழிலிலும் எழும்பிய வீடுகள், வாசலில் ஒரு முதியவர் மட்டும். பெரிய வீடு என்றால் பெரிய வருமானம் என்ற ஊகம் குமரி மாவட்டத்தில் பல வீட்டுக்குப் பொருந்தாது. வேறு வருமானமும் வேறு வீடும் இல்லாமல் சொந்த வீட்டில் குடியிருக்கும் முதியவர்களுக்குப் பாதி வரி என்று வைக்கலாம். அல்லது வரியை வட்டியில்லாமல் நிலுவையில் வைத்து, வீடு விற்கும்போதோ வாரிசுக்குப் போகும்போதோ வாங்கிக்கொள்ளலாம். அரசுக்கு நட்டமில்லை, பணம் பின்னால் வரும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் 60 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ 646 சதுர அடி வரை உள்ள, உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கு 2023 முதல் வரியே இல்லை. பிளாட்டுக்கும் வில்லாவுக்கும் மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அங்கேயும் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றுகிறார்கள், ஆனால் அடிமட்டத்தில் இருப்பவரை முழுக்க விட்டுவிட்டார்கள். நம் பக்கமும் கடற்கரையில் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த சின்ன வீடுகளை நினைத்தாவது இதை யோசிக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும். சம்பளமோ வியாபாரமோ உள்ள பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த வரி தாங்கக்கூடியதுதான். அரையாண்டுக்கு 900 ரூபாய் என்றால் மாதம் 150. ஒரு செல்போன் ரீசார்ஜை விடக் குறைவு. தெருவிளக்கும் ஓடையும் குப்பை வண்டியும் இந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. அந்த வரியில் ரூபாய்க்கு பத்து பைசா வீதம் சேரும் நூலக வரியில்தான் நம் பொது நூலகங்கள் நிற்கின்றன. பதிவுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் லட்சங்களைச் செலவழித்தவர் வீட்டு வரியில் ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க மாடியை மறைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அவர் மறைக்கும் ஐந்நூறு அந்த அண்டி ஆபீஸ் அம்மாவின் தலையில்தான் வந்து விழும்.

அதே சமயம், வாங்கும் வரிக்குச் செய்யும் வேலை தெரிய வேண்டும் என்று மக்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நாகர்கோவிலின் குப்பை பல ஆண்டுகளாக வலம்புரிவிளையில் மலையாகக் குவிந்தது. தீப்பிடித்தபோதெல்லாம் அதன் புகையைச் சுவாசித்தவர்களும் மற்றவர்களைப் போல வரி கட்டியவர்கள்தான்.

சரி, உங்கள் ரசீதில் சந்தேகம் இருந்தால் என்ன செய்வது? முதலில் உங்கள் வீட்டின் வரி விதிப்புப் பதிவின் நகலைக் கேளுங்கள். தராமல் இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பியுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பிறகு டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். ஷீட் கூரையும் கார் ஷெட்டும் எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன, வீட்டின் வயது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, ஓட்டு வீடு கான்கிரீட் ஆகிவிட்டதா என்று பாருங்கள். முன் அறையில் ஒரு தையல் மெஷின் போட்டதற்காக முழு வீட்டையும் வணிகக் கட்டடமாக்கியிருந்தால் எதிர்த்து மனு கொடுங்கள், அந்த அறைக்கு மட்டும்தான் வணிக வரி கேட்கலாம். கேட்பு அறிவிப்பில் ஆட்சேபனைக்குக் கொடுத்திருக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். அந்த நாள் போய்விட்டால் உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் நடை கூடும்.

ஆட்சேபனை கொடுத்துவிட்டோம் என்று வரி கட்டாமல் இருந்துவிடாதீர்கள். நகர்ப்புறங்களில் தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். ஆட்சேபனைக்கு உட்பட்டுக் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துக் கட்டுங்கள், பின்னால் குறைந்தால் அடுத்த அரையாண்டில் கழித்துக் கேட்கலாம். ஏப்ரல் 30-க்கும் அக்டோபர் 31-க்கும் முன்பு கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபாய், ஊக்கத்தொகையும் உண்டு.

இன்னொன்று, என் தொழிலில் தினமும் பார்ப்பது. அப்பா இறந்து இருபது வருடம் ஆகியும் ரசீது அவர் பெயரிலேயே வரும். மூத்தவர் கட்டிக்கொண்டே வருவார். ஒரு நாள் பாகம் பிரிக்க உட்கார்ந்தால், "இத்தனை வருஷம் நான்தானே கரம் கட்டினேன், வீடு எனக்கு" என்பார். வரி ரசீது உரிமையைத் தராது. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கட்டிய தொகையில் மற்றவர் பங்கைக் கணக்குப் பார்த்துக் கேட்கலாம், அவ்வளவுதான். வாரிசுச் சான்றிதழை வைத்து எல்லோர் பெயரையும் சேர்த்து மாற்றிக்கொள்வது நல்லது. தங்கச்சிமார் பெயரையும் விட்டுவிடாமல்.

ஊராட்சிகளில் ஒரு சிக்கல் கூடுதல். நம் மாவட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போனது. வரி போடும் மன்றத்தில் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆள் இல்லாமல் வரி வாங்குவதை நியாயம் என்று சொல்ல என்னால் முடியாது. அப்படிப்பட்ட காலத்தில் கேட்க மிச்சமிருக்கும் இடம் கிராம சபை. அது கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அப்புறம் நம் மாவட்டம் 1956-ல் தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1. நகரங்களில் பகுதி சபை. அங்கே போய் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: தெருவாரியாகச் சதுர அடிக்கு என்ன விகிதம், எந்த வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்ற பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.