டச் டவுன்: தரையைத் தொடாத ஒரு சொல்

1990 அக்டோபர் 6. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா நகரின் ஃபாரோட் மைதானம். கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். ஆட்டம் முடிய இரண்டே விநாடிகள். மிசூரி பல்கலைக்கழகம் 31, கொலராடோ பல்கலைக்கழகம் 27. கொலராடோவின் சார்லஸ் ஜான்சன் பந்தை அணைத்துக்கொண்டு மிசூரியின் கோல் கோட்டை நோக்கிப் பாய்கிறார். குவியலாகக் கிடக்கும் உடல்களின்மேல் மோதுகிறார், மல்லாந்து சாய்கிறார், சாய்ந்தபடியே பந்தைக் கோட்டின் பக்கம் நீட்டுகிறார். நடுவரின் இரண்டு கைகளும் மேலே எழுகின்றன. டச் டவுன். 33-31.

இந்தச் செய்தியைத் தமிழில் எழுத உட்காருகிறவர் முதலில் இடறி விழுவது 'டச் டவுன்' என்ற சொல்லில்தான். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'தரைதொடல்' என்று வரும். விமானத்தின் சக்கரம் ஓடுபாதையில் பதிவதற்கு அது பொருத்தமான சொல். இங்கே எழுதினால் பொய்யாகிவிடும். அமெரிக்கக் கால்பந்தில் டச் டவுன் கிடைக்கப் பந்து தரையைத் தொடவே வேண்டாம். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: ஜான்சனின் முதுகு எப்போது தரையைத் தொட்டது என்பதுதான் மிசூரிக்காரர்கள் இன்றுவரை எழுப்பும் கேள்வி. தரையைத் தொட்டால் ஆட்டக்காரரின் ஓட்டம் அங்கேயே முடிந்துபோகும் ஓர் ஆட்டத்தில், அதன் மிகப் பெரிய வெற்றிக்குத் 'தரைதொடல்' என்று பெயர் வைப்பது தலைகீழான மொழிபெயர்ப்பு.

சொல் பிறந்தபோது அதன் பொருள் சரியாகத்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ரக்பி ஆட்டத்தில், எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி வைக்க வேண்டும். அதற்குத் தொடக்கத்தில் புள்ளி கிடையாது. பந்தைக் கம்பத்துக்கு மேலே உதைத்து கோல் போட ஒரு முயற்சி மட்டுமே கிடைக்கும். அந்த முயற்சியின் பெயரான 'ட்ரை'தான் ரக்பியில் இன்றுவரை நிலைத்திருக்கிறது. ரக்பியில் இப்போதும் பந்தைத் தரையில் வைத்தாக வேண்டும், பெயரோ 'முயற்சி'. அமெரிக்காவில் தரையில் வைக்கும் விதி 1889இல் நீக்கப்பட்டது, பெயரோ 'தரையில் தொடுதல்'. ஒரே செயலின் இரண்டு பாதிகளை இரண்டு நாடுகள் பங்கு போட்டுக்கொண்டு, ஆளுக்குத் தவறான பாதியை எடுத்துச் சென்றதுபோல் இருக்கிறது.

மதிப்பும் மெல்ல மெல்லத்தான் ஏறியது. 1883இல் டச் டவுனுக்கு 2 புள்ளிகள், அதைத் தொடரும் உதைக்கு 4. மறு ஆண்டே டச் டவுன் 4 ஆனது, பிறகு 5, 1912 முதல் 6.

இன்றைய கல்லூரி விதி என்ன சொல்கிறது? கோல் கோடு என்பது புல்லில் பூசிய வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் அல்ல. அந்தக் கோட்டின் முன்விளிம்பிலிருந்து செங்குத்தாக எழும் ஒரு தளம் அது. பள்ளி வடிவியலில் படிக்கும் அதே 'தளம்'. கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிச் சுவர் ஒன்று நிற்பதாக நினைத்துக்கொள்ளலாம். பந்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் ஆட்டக்காரர், அந்தப் பந்தின் நுனியால் அந்தச் சுவரைத் தொட்டுவிட்டால் போதும். உடல் முழுவதும் இந்தப் பக்கம் இருக்கலாம், கால்கள் காற்றில் இருக்கலாம். நாம் ஆடும் கால்பந்தில் முழுப் பந்தும் முழுக் கோட்டையும் கடந்தால்தான் கோல். இரண்டுக்கும் 'கோட்டைக் கடந்தது' என்று ஒரே வாக்கியத்தை எழுதினால் வாசகர் தவறாகவே புரிந்துகொள்வார்.

அதனால் நடுவர் ஒரே கணத்தில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது: பந்தின் நுனி, பந்தைப் பிடித்த கை, தரைக்கு அருகிலுள்ள முழங்கால் அல்லது முதுகு. கல்லூரி ஆட்டத்தில் கையும் பாதமும் தவிர உடலின் எந்தப் பகுதி தரையில் பட்டாலும் ஓட்டம் முடிந்தது, எதிரணியினர் தொட்டார்களா என்ற கேள்வியே இல்லை. இவற்றில் எது முந்தியது என்பதே தீர்ப்பு. ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் நீளமுள்ள பந்து பத்துப் பேரின் உடலுக்கு அடியில் மறைந்து கிடக்கும்போது அதைச் சொல்ல வேண்டும். நடுவர்களைத் திட்டுவது எளிது. அந்தக் குவியலின் ஓரத்தில் குனிந்து நிற்கும் மனிதரின் இடத்தில் நின்று பார்த்தால் அது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

பிடி பற்றிய சர்ச்சைக்குப் பெயர்போனது 1979 ஜனவரி 1 அன்று பாசடீனாவில் நடந்த ரோஸ் பௌல் என்ற கல்லூரிக் கால்பந்து ஆட்டம். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் வைட் கோட்டின்மேல் பாய்ந்தார். பந்து கோட்டுக்கு முன்பே அவர் கையை விட்டு நழுவியது, எதிரணியான மிச்சிகன் ஆட்டக்காரர்கள் அதன்மேல் விழுந்தார்கள். ஆனாலும் டச் டவுன் வழங்கப்பட்டது. ஆட்டம் 17-10 என்று முடிந்தது. ஆள் கோட்டைக் கடந்தார், பந்து கடக்கவில்லை. அமெரிக்கர்கள் அதைப் 'பேய் டச் டவுன்' என்கிறார்கள்.

மிசூரி ஆட்டத்தில் இன்னொரு பிழையும் சேர்ந்துகொண்டது. அங்கே 'டவுன்' என்ற சொல் வேறு பொருளில் வருகிறது. பந்தைப் பத்து கெஜம் நகர்த்த ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன். டச் டவுனில் உள்ள டவுனோடு இதைக் குழப்பக் கூடாது. இதைத் தமிழில் 'முயற்சி' என்றே எழுதலாம், பொருள் அப்படியே வந்துவிடும். அன்று கோட்டோரம் முயற்சி எண்ணைக் காட்டும் பலகையை ஒரு முறை மாற்ற மறந்துவிட்டார்கள். கொலராடோவுக்கு ஐந்தாவது முயற்சி கிடைத்தது, ஜான்சன் பாய்ந்தது அந்த ஐந்தாவதில்தான். நடுவர் குழு இடைநீக்கம் செய்யப்பட்டது, முடிவு மட்டும் மாறவில்லை. அந்தப் பருவத்தின் இறுதியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் வாக்கெடுப்பில் கொலராடோ தேசிய முதலிடம் பெற்றது. 1940இல் இதேபோல் ஐந்தாவது முயற்சியில் டார்ட்மத்தை வென்ற கார்னெல் அணி, படச்சுருளைப் பார்த்தபின் வெற்றியைத் தானாகவே திருப்பிக் கொடுத்திருந்தது. 7-3 என்ற கணக்கு 0-3 ஆனது. ஐந்தாவது முயற்சி பற்றி எழுதுகிறவர்கள் கார்னெல்லை விட்டுவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

2004இல் பிக் டென் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு காணொளி மறுஆய்வைச் சோதனையாகத் தொடங்கியது. மறுஆய்வு பரவியபின் இன்னும் இரண்டு சொற்கள் வந்தன, கல்லூரி ஆட்டத்தில் 2025 பருவத்துக்கு முன்புவரை இரண்டும் வழக்கில் இருந்தன. நம் செய்திகளில் இரண்டும் 'உறுதியானது' என்றே கலந்துவிடுகின்றன. காட்சி தெளிவாகத் தீர்ப்பை ஆதரித்தால் தீர்ப்பு 'உறுதி செய்யப்பட்டது'. எந்தப் பக்கமும் ஐயமற்ற சான்று இல்லாவிட்டால் தீர்ப்பு 'நிற்கிறது'. முன்னது சரி என்ற அறிவிப்பு. பின்னது தவறு என்று நிறுவ முடியவில்லை என்ற ஒப்புதல். கோல் கோட்டுச் சர்ச்சைகளில் கோபம் எழுவது பெரும்பாலும் இரண்டாவதில்தான், ஆகவே இந்த வேறுபாட்டைக் காப்பாற்ற வேண்டும்.

சரி, டச் டவுனுக்குத் தமிழ் என்ன? 'எல்லை கடத்தல்' என்றால் கள்ளக்கடத்தல் வாடை அடிக்கும். 'எல்லை தாண்டல்' என்றதும் கைதான மீனவர்களின் படகுகள் கண்முன் வரும். 'கோடு கடப்பு' நல்ல சொல்தான், ஆனால் பந்து முழுதாகக் கடந்ததாக நினைக்க வைக்கும். எனக்குப் பிடித்தது கபடித் திடலிலிருந்து வருவது. பாடிச் சென்றவரை நாலு பேர் அமுக்கிப் பிடித்திருக்க, அவர் உடலை இழுத்துக்கொண்டு விரல் நுனியை நடுக்கோட்டுக்கு நீட்டுகிறார். சுற்றி நிற்கிறவர்கள் 'கோட்டைத் தொட்டுவிட்டான்' என்று கத்துகிறார்கள், 'தொடவில்லை' என்று மறுகட்சி கத்துகிறது. அங்கே விரல், இங்கே பந்து; அங்கே மண்ணில் கிழித்த கோடு, இங்கே காற்றில் எழும் கோடு. மற்றபடி அதே நீட்டல், அதே குவியல், அதே வாய்ச்சண்டை. 'கோடுதொடல்' என்று வைத்தால் பழைய சொல்லிலிருந்த தொடுதலும் போகாது, தரை என்ற பிழையும் வராது. முதல் முறை 'டச் டவுன் எனும் கோடுதொடல்' என்று எழுதிவிட்டால் பிறகு தயங்க வேண்டியதில்லை.

அந்த மிசூரி ஆட்டத்தின் கடைசி வரியை நான் இப்படி எழுதுவேன்: 'ஐந்தாவது முயற்சியில் ஜான்சன் கோடு தொட்டதாக நடுவர் கைகளை உயர்த்தினார், பந்து கோட்டை எட்டுமுன் அவர் முதுகு தரையில் பட்டது என்கிறது மிசூரி.'