படம் முடிந்த பிறகு மூளை செய்யும் வேலை

ஒரு மாதம் முழுவதும் பார்த்த படங்களைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி வந்தேன். மாதத்தின் கடைசி நாளில் நோட்டைத் திறக்காமல், ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பார்த்த படங்களின் பெயர்களை நினைவிலிருந்து வரிசையாக எழுதினேன். 13 பெயர்கள் வந்தன. நோட்டில் இருந்தவையோ 19. விடுபட்ட 6 படங்களில் 4 படங்கள், ஒரே வாரத்தில் இரவு நேரங்களில் அடுத்தடுத்துக் கைப்பேசியில் பார்த்த துப்பறியும் கதைகள்.

அதைவிட வியப்பளித்தது நோட்டில் இருந்த இரண்டு குறிப்புகள். ஒன்று இப்படி இருந்தது: "அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே மகனிடம் பேசுகிறாள். ஒரு முறைகூடத் திரும்பவில்லை. குழாயை மூடும் சத்தத்தோடு காட்சி முடிகிறது." இந்த மூன்று வரிகளைப் படித்த உடனே முழுப் படமும், பக்கத்து இருக்கையில் யாரோ பிரித்த முறுக்குப் பொட்டலத்தின் வாசனையும்கூடத் திரும்பி வந்தன. மற்றொரு குறிப்பு: "நல்ல படம். ஒளிப்பதிவு அருமை. 5க்கு 4." எத்தனை முறை படித்தும் அந்தப் படத்திலிருந்து ஒரு முகம்கூட மனத்தில் தோன்றவில்லை. இரண்டையும் எழுதியது ஒரே கைதான். இரண்டுக்கும் இடையே 5 நாள்தான் இடைவெளி.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, படம் பார்க்கும்போது மூளைக்குள் நடப்பதிலிருந்து தொடங்க வேண்டும். காட்சி, குரல், இசை, நம் மனநிலை ஆகியவை மூளையின் வெவ்வேறு பகுதிகளில் பதிகின்றன. அவற்றை ஒரே நிகழ்வாகச் சேர்த்துக் கட்டுவதில் முதன்மைப் பங்கு, மூளையின் இரு பக்கங்களிலும் காதுகளுக்கு அருகே உட்புறத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் உறுப்புக்கு உண்டு. இந்தக் கட்டும் வேலை எப்போது நடக்கிறது என்பதை 2011இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆயா பென்-யாகோவும் யாடின் டுடாயும் ஆராய்ந்தார்கள். சில நொடிகளே ஓடும் துண்டுப் படங்களைப் போட்டுக்காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, துண்டு ஓடிக்கொண்டிருக்கையில் அல்ல, அது முடிந்த கணத்தில்தான் ஹிப்போகேம்பஸின் இயக்கம் உச்சமடைந்தது. அந்த உச்சம் எந்தத் துண்டுகளுக்குத் தெளிவாக இருந்ததோ, அவையே பின்னர் நன்றாக நினைவில் நின்றன. ஒரு துண்டு முடிந்தவுடன் இடைவெளியின்றி அடுத்ததைக் காட்டினால் முதல் துண்டின் நினைவு பலவீனப்படுவதை அவர்களது குழு 2013இல் காட்டியது.

நான் மறந்த 4 துப்பறியும் படங்களுக்கும் இதில் விளக்கம் இருக்கிறது என்று கருதுகிறேன். சில நொடித் துண்டுகளில் கண்டதை இரண்டரை மணி நேரப் படத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் பெயர்ப்பட்டியல் ஓடி முடிவதற்குள் அடுத்த படத்தைத் தானாகவே தொடங்கிவிடும் ஓடிடி செயலிகள், மூளை மூட்டை கட்டும் நேரத்தில் குறுக்கே வந்து நிற்கின்றன. திரையரங்கில் இடைவேளையும், விளக்கு எரிந்து கூட்டத்தோடு மெதுவாக வெளியேறும் அந்தச் சில நிமிடங்களும் நமக்குக் கேட்காமலே கிடைத்துவந்த உதவிகள்.

எவ்வளவு சீக்கிரம் எழுத வேண்டும்? ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட அளவீடுகள் இன்றும் பயன்படுகின்றன. பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, சிறிது காலம் கழித்து அவற்றையே மறுபடி படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அவர் தன்னையே சோதித்துப் பார்த்தார். 20 நிமிடத்தில் அந்த மிச்சம் 58 விழுக்காடு, ஒரு நாளில் ஏறத்தாழ 34, 31 நாளில் 21. கதையுள்ள ஒரு படம் பொருளற்ற அசைகளைவிட மெதுவாகவே மறக்கும். ஆனால் சரிவின் வடிவத்தைக் கவனியுங்கள்: பெரும்பகுதி முதல் நாளிலேயே கரைந்துவிடுகிறது, பிறகு ஒரு மாதம் ஆனாலும் இழப்பு சிறிதுதான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் எழுதிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுபவர், சரிவு முடிந்த பிறகு வந்து எஞ்சியதைத்தான் எழுதுகிறார்.

எழுதும்போது இணையத்தில் கதைச்சுருக்கத்தைப் பார்க்கவும் கூடாது. 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்து, ஒரு சாராரை அதை மறுபடி படிக்கச் சொன்னார்கள்; மற்றவர்களை நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்தவர்களுக்கு 42 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடும் நினைவில் இருந்தன. நினைவைத் தேடி எடுப்பதே அதை உறுதிப்படுத்தும் செயல். வசனம் நினைவுக்கு வராமல் பேனாவைப் பிடித்தபடி திணறும் அந்த அரை நிமிடம் வீண்போவதில்லை. குறிப்பேட்டின் பயனில் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது. நோட்டு தொலைந்தாலும் அந்தப் பயன் தொலையாது.

விமர்சனம் படிப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்பதை நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். கார்கள் "மோதிக்கொண்டபோது" என்ன வேகம் என்று 50 பேரிடமும், "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். எஞ்சிய 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டவர்களில் 16 பேர் ஆம் என்றார்கள். மற்ற சொல்லைக் கேட்டவர்களில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. கேள்வியில் இருந்த ஒரே ஒரு சொல், பார்த்த காட்சியையே மாற்றிவிட்டது. விறுவிறுப்பாக எழுதப்பட்ட 10 பத்தி விமர்சனம் என்னவெல்லாம் செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, எதை எழுதுவது? நெதர்லாந்து உளவியலாளர் வில்லெம் வாஹெனார், 6 ஆண்டுகளில் தம் வாழ்வின் 2,402 நிகழ்ச்சிகளை யார், என்ன, எங்கே, எப்போது என்ற தலைப்புகளில் குறித்துவைத்து, பின்னர் ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியாகத் துப்பாகக் கொண்டு நினைவைத் தேடினார். "என்ன" என்பதே சிறந்த துப்பாக இருந்தது. "எப்போது" தனித்து நின்றால் ஏறக்குறைய பயனற்றது. நாமோ குறிப்பேட்டில் தேதியைத்தான் தவறாமல் போடுகிறோம்! 1972இல் இதே போன்ற தற்சோதனையைத் தொடங்கிய அமெரிக்க உளவியலாளர் மாரிகோல்ட் லிண்டன், ஒரே மாதிரியான நிகழ்ச்சிகள் பெருகப் பெருக அவை தனித்தன்மை இழந்து ஒன்றாகக் கலந்துவிடுவதைக் கண்டார். நிகழ்ச்சிகளைப் பற்றித் தாமே எழுதிவைத்த சில அட்டைகள் எதைக் குறிக்கின்றன என்பதே அவருக்கு விளங்கவில்லை. "ஒளிப்பதிவு அருமை" என்ற வரி நூறு படங்களுக்குப் பொருந்தும். ஆகவே எந்தப் படத்தையும் அது மீட்டுத் தராது. குழாயை மூடும் சத்தம் ஒரே படத்துக்கு உரியது.

மதிப்பெண் போடும் வழக்கத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. பார்பரா ஃபிரெட்ரிக்சனும் டேனியல் கானமனும் 1993இல் துண்டுப் படங்களைக் கொண்டு செய்த சோதனையில், பார்த்து முடித்தவர்களின் மதிப்பீட்டில் படத்தின் நீளம் மிகச் சிறிய பங்கே வகித்தது. உணர்வு உச்சம் தொட்ட கணமும் முடிவும்தான் பெரிதாக எண்ணப்பட்டன. கிளைமாக்ஸ் சொதப்பிவிட்டால் அதற்கு முன் நம்மை மறக்கவைத்த ஒரு மணி நேரத்துக்கும் மதிப்பெண் குறைகிறது. ஆகவே இப்போது இடைவேளை வரையிலான பகுதிக்குத் தனியாக ஒரு வரி எழுதுகிறேன்.

வாஹெனார் அடியோடு மறந்துவிட்டதாக நம்பிய நிகழ்ச்சிகளில் 10ஐத் தேர்ந்து, அப்போது உடனிருந்தவர்களிடம் விவரம் கேட்டார். பத்துமே நினைவுக்கு வந்தன. அதைப் படித்த பிறகு, 5க்கு 4 வாங்கிய அந்தப் படத்துக்கு என்னோடு வந்த நண்பனிடம் கேட்டேன். "இடைவேளையில மழை கொட்டுச்சே, ஹெல்மெட்ட வண்டி மேலேயே வச்சிட்டேன்னு ஓடுனியே, அந்தப் படம்டா" என்றான். நனைந்த சட்டையோடு இருட்டில் இருக்கையைத் தடவித் தேடியதும், அப்போது திரையில் ஒரு கிழவர் ரயில் பெட்டியின் சன்னலை மூட முடியாமல் போராடிக்கொண்டிருந்ததும் வந்து சேர்ந்தன. பழைய குறிப்பின் கீழே இரண்டையும் எழுதினேன். மழையை மட்டும் பச்சை மையில் எழுதி, ஓரத்தில் "அவன் சொன்னது" என்று குறித்துவைத்திருக்கிறேன்.